ஒன்னேகால் ஆறு

கோர்ட்டுக்குப் போயிட்டு வாரனுங்க தம்பி. பஸ்ஸுல ஏறுனப்ப என் வெள்ளை வேட்டியப் பார்த்துப்போட்டு ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டு வாரேன்னு நெனச்சிருப்பீங்க. இல்லீங்க. திருட்டுக் கேஸு. பைய மடியில தூக்கி வெச்சுக்க வேண்டாம், அந்த மாதிரித் திருட்டு இல்லீங்க இது. நான் ஒரு ஆத்தத் திருடிட்டேன். கவர்மெண்டு அப்படிச் சொல்லுது. இன்னிக்கு நானும் கூண்டுல ஏறி ஆமாங்கன்னு ஒத்துக்கிட்டேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க. நீதிபதியம்மாவே சிரிச்சுப்போட்டு, அப்பறம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாங்க.

எம் பேரு சென்னியப்பன். ஊரு ஊஞ்சப்பாளையம், மலையடிவாரத்துல இருக்குது. மலையில இருந்து சில்லாறு எறங்கி எங்கூர உரசிக்கிட்டுப் போயி, கீழ டேம்ல விழுகுது. ஊருக்கு மேக்க ஒரு தடுப்பணை, அதுல ஒரு ஷட்டர். ஷட்டரத் தெறந்தா தண்ணி எங்க வாய்க்காலுக்கு வரும். மூடுனா நேரா டேமுக்குப் போயிரும். சாவி ஆபீசுல. எங்கூரு மஞ்சளும் கரும்பும் அந்தச் சாவியிலதான் தொங்குதுங்க. நான் பாசன சங்கத் தலைவரு. மூனாவது தடவையா நான்தான். எதுத்து நிக்க ஆளில்லை, நின்னாலும் செல்லாதுன்னு அவிங்களுக்கே தெரியும்.

ஷட்டர எப்பத் தெறப்பாங்கன்னு கேளுங்க. ஆத்துல இத்தனை தண்ணி ஓடுனா எங்களுக்குத் தெறக்கோணும், அதுக்குக் கொறைஞ்சா மூடோணும். நல்ல சட்டந்தான். ஆனா ஆத்துல எத்தனை ஓடுதுன்னு யாரு சொல்றது? வில்லங்கமே அங்கதான்.

புதுசா ஒரு ஏஇ சாரு வந்தாரு. இன்ஜினீயரு, தீனதயாளன்னு பேரு, தஞ்சாவூர்ப் பக்கம். தங்கமான மனுசனுங்க, குறை சொல்ல மாட்டேன். வந்ததும் என்னையக் கூப்புட்டு, "தலைவரே, உங்க ஆத்துக்கு ரீடிங் இருக்கா?"ன்னாரு.

"ஆறு இருக்குதுங்க சார்" னேன்.

"ஆறு இருக்கு, சரி. அதுக்கு ரீடிங் இருக்கா?"

"வந்து பாருங்க சார், இடுப்பளவு போகுது."

"பார்த்தாப் போதாது தலைவரே. கம்பம் நட்டு, தெனமும் அளந்து, பத்துப் பதினஞ்சு வருசம் போனாத்தான் ஒரு ஆறு சொல்றத நம்பலாம்."

"அதுவரைக்கும் என்னங்க சார் பண்றது?"

"அதுவரைக்கும் உங்க ஆறு எப்படி ஓடுதுன்னு பக்கத்து ஆத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்."

அப்படித்தானுங்க அளக்காத ஆத்துக்கெல்லாம் பண்றாங்களாம். மலைக்கு அந்தப் பக்கம் கொம்பைப்புதூரு, அங்க கூவலாறுன்னு ஒன்னு ஓடுது. அதுல ரொம்ப காலமா அளவுக் கம்பம் நிக்குது, அடிக்கணக்குல கோடு போட்டது. தெனம் காலையில ஒருத்தரு அதப் பார்த்து ஆபீசுக்குப் போன்ல சொல்லோணும். ரெண்டு ஆறும் ஒரே மாதிரின்னு முடிவாச்சுன்னா, அங்க ஓடறத வெச்சு இங்க என்ன ஓடுதுன்னு கம்ப்யூட்டரு சொல்லிப்போடும்.

ஒரே மாதிரின்னு எப்படிங்க சார் கண்டுபுடிப்பீங்கன்னு கேட்டேன். மழை ஒத்து வருதா, மண்ணு ஒத்து வருதா, காடு, சரிவு எல்லாம் ஒத்து வருதான்னு பாக்கோணுமாம். எனக்கு அப்பவே புடிபட்டுப்போச்சுங்க. பொருத்தம் பாக்கறது. ஊர்ல எத்தனை கல்யாணத்துக்கு முன்னால நின்னு நாயம் பேசி முடிச்சவன் நானு. எனக்கா தெரியாது? முக்கியமானது நாலு பொருந்துனா மத்தத அனுசரிச்சுப் போயிக்கலாம்.

அங்க ஒன்னு ஓடுனா இங்கயும் ஒன்னுன்னு போடப் பார்த்தாரு ஏஇ சாரு. விட்டனா நானு. "எங்க மலை பெரிசுங்க சார், வந்து பாருங்க"ன்னு மேல கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு பள்ளமா நிறுத்தி, "இங்க பேயற மழை எந்தப் பக்கம் எறங்கும் சொல்லுங்க"ன்னு கேட்டுக் கேட்டு நடத்துனேன். மனுசன் மூச்சு வாங்கி ஒரு பாறை மேல உக்காந்துட்டு, "சரி தலைவரே, ஒன்னேகால் போட்டுக்கலாம்"னு சொல்லிப்போட்டாரு. அதாவது கூவலாத்துல ஒரு பங்கு ஓடுனா சில்லாத்துல ஒன்னேகால் பங்கு. அந்தக் கால் பங்கு நான் வாங்கிக் குடுத்ததுங்க தம்பி. கீழ எறங்கி வந்தப்ப எனக்கு மாலை போட்டாங்க.

அதுக்கப்பறம் எங்கூர்ல ஒருத்தரும் ஆத்தப் பாக்கறதில்லை. பார்த்து என்ன ஆவப்போவுது? ஒரு நாளு நாச்சிமுத்து அண்ணன், எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு, எருமைய ஓட்டிக்கிட்டு சில்லாத்துல எறங்கி, தொடை நனைய நடு ஆத்துல நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்றாரு.

"சென்னியப்பா, இன்னிக்குத் தண்ணி வருதா?"

"இருங்கண்ணா, கொம்பைப்புதூர்ல கேட்டுச் சொல்றேன்."

கேட்டேன். "இல்லீங்கண்ணா, இன்னிக்கு ஆத்துல தண்ணி கம்மியாம்" னேன்.

"அப்படியா, செரி செரி"ன்னு எருமையப் புடிச்சுக்கிட்டுக் கரையேறிட்டாரு. அவருக்கு அதுல ஒன்னும் வித்தியாசமாத் தெரியலை. எனக்கும் தெரியலை.

கொம்பைப்புதூர்ல யாரக் கேட்டேன்னு சொல்லலை பாருங்க. கம்பம் பாக்கற வேலையில இருக்கறது எங்க மச்சானுங்க. எங்க ஊட்டுக்காரி சாந்தாமணிக்குக் கூடப் பொறந்த அண்ணன், அர்த்தநாரி. நல்ல மனுசன், கொஞ்சம் ரோசம் சாஸ்தி. ஒரு தடவை அங்க விசேசத்துக்குப் போயித் தங்குனப்ப, நம்ம ஆத்துக் கணக்கு எப்படித்தான் எடுக்கறாங்கன்னு பாக்கலாம்னு காலையில அவரு கூடவே கெளம்புனேன். அவரு நேரா பேக்கரிக்குப் போனாரு. ஒரு டீ, ஒரு வர்க்கி. உக்காந்துட்டாரு. சித்தெ நேரத்துல பால் வண்டி வந்து நின்னுச்சு. குனிஞ்சு சக்கரத்தப் பார்த்தாரு. போன எடுத்து, "சார், ரெண்டேகால் அடிங்க"ன்னாரு. வேலை முடிஞ்சுது.

"ஏனுங்க மச்சான், ஆத்துக்குப் போகலீங்களா?"

"வண்டி ஆத்தத் தாண்டித்தான மாப்ள வருது. டயரு பாதி நனைஞ்சா ரெண்டடி. காஞ்சு வந்தா அரையடி."

"வண்டி வராத அன்னிக்கு?"

"நேத்துச் சொன்னதயே சொல்லிருவேன். ஆறு என்ன ஒரு நாள்ல ஊரை விட்டா ஓடிப்போவுது?"

அந்த அளவுக் கம்பத்துல யாரோ வெள்ளாடு கட்டி வெச்சிருக்கறதா அப்பறமாக் கேள்விப்பட்டேன்.

நீங்க கேக்க வாரது தெரியுதுங்க தம்பி. ஆபீசுல சொல்லிருக்கலாமேன்னு. பொண்ணெடுத்த ஊட்டப் பத்தி ஆபீசுல போயிச் சொல்றதா? அதுமில்லாம, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதிங்க. மழையக் கேட்டு ஆறு ஓடுச்சுன்னா நம்ம கையில என்ன இருக்குது, சொல்லுங்க. அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். மச்சானக் கேட்டு ஓடுச்சுன்னா ஒரு போன் பண்ணலாம், ஒரு வாழைத்தார் குடுத்து உடலாம். இதுதான மனுசன் பொழைக்கற வழி? அந்த வருசம் எங்க வாய்க்கால் காயவே இல்லீங்க. ஊரே என்னையக் கும்புட்டுது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அடுத்த வருசம் ஆவணியில எங்க சின்னப் பாப்பாவுக்குக் காது குத்து வெச்சோம். கவிநிலான்னு பேரு. காது குத்துன்னா தாய்மாமன் மடியிலதான் புள்ளைய உக்கார வெக்கோணும். எல்லாப் பக்கமும் அப்படித்தானுங்களே. எங்க பக்கம் அது ரொம்பக் கறார். தாய்மாமன் சீர்த்தட்டோட மேளம் வெச்சு வருவாரு, எல்லைக்கே போயி எதுர்கொண்டு கூட்டியாரோணும்.

அன்னிக்கு மச்சான் வரவேண்டிய வேன் பாதையில நின்னுபோச்சு. நல்ல நேரம் முடியுது. காது குத்தற ஆசாரி ஊசிய வெச்சுக்கிட்டு அவசரப்படுத்தறாரு. முன் வரிசையில ஏஇ சாரு உக்காந்திருக்காரு, நான்தான் கூப்புட்டிருந்தேன். எனக்கு அந்த நிமிசம் ஒரு யோசனை தோணுச்சு பாருங்க. ஷட்டர் சாவி வெச்சிருக்கற மனுசன். அவரு மடியில நம்ம பாப்பா உக்காந்தா எத்தனை நல்லது? "சார், சித்தெ இப்படி வாங்க"ன்னு மணையில உக்கார வெச்சுப் பாப்பாவ மடியில குடுத்துட்டேன். அவருக்கு எங்க மொறை ஒன்னும் தெரியாது. சிரிச்சுக்கிட்டுப் புடிச்சுக்கிட்டாரு.

ஒரு காது குத்தி முடிச்சு, அடுத்த காதுல ஊசிய வெக்கறாரு. வாசல்ல மேளம். மச்சான் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, பின்னால சனம் தட்டேந்தி வர, உள்ள காலெடுத்து வெச்சாரு. மணையப் பார்த்தாரு. மேளம் தானா நின்னுபோச்சு. தட்டையெல்லாம் வாசல்லயே எறக்கி வெக்கச் சொல்லிப்போட்டுத் திரும்பிப் போயிட்டாருங்க. ஒரு வாய்த் தண்ணி குடிக்கலை. சாந்தாமணி அன்னிக்கே என்னோட பேச்ச நிறுத்திப்போட்டா.

மறுநாள் மச்சான் போன் பண்ணுனாரு. எனக்கில்லை, ஆபீசுக்கு. "கூவலாத்துல ஒரு சாண் தண்ணிங்க சார்."

ஒரு சாண ஒன்னேகாலால பெருக்குனாலும் எத்தனை வந்துரும் தம்பி? ஷட்டர மூடிட்டாங்க.

அந்தச் சமயம் பார்த்து மலையில அடைமழை. சில்லாறு கரை தட்டிக்கிட்டுப் போகுது. தடுப்பணை மேல வழிஞ்சு விழுகற சத்தத்துல பேசறது கேக்காது. நாங்க ஊரோட போயி ஏஇ சார ஜீப்புல கூட்டிட்டு வந்தோம். அணை மேல நின்னாரு. செருப்பு நனைஞ்சுது, பேண்ட்டு முட்டி வரைக்கும் நனைஞ்சுது. செல்போன எடுத்துப் பார்த்தாரு.

"இன்னிக்கு உங்க ஆத்துல தண்ணி இல்லையே தலைவரே."

"அப்ப இது என்னங்க சார்?"

குனிஞ்சு தண்ணிய உள்ளங்கையில அள்ளிப் பார்த்தாரு. "இதுக்கு நான் என்ன பேரு வெக்கறது? மேல சொன்னா எந்த ரீடிங்ல சொல்றேன்னு கேப்பாங்க. எனக்கு வேலை போயிரும்" ன்னாரு. பாவம், அவரு கண்ணு கலங்கிருச்சுங்க. தப்பு அவரு மேல இல்லை. தப்பு அந்த வேன் டிரைவர் மேல.

மூனு வாரம் தம்பி. ஒரு பக்கம் ஆறு போகுது, இந்தப் பக்கம் வாய்க்கால்ல எறும்பு ஊருது. மஞ்சள் எலை சுருட்டிக்கிச்சு. மஞ்சக் காட்டுக்குள்ள கால வெச்சா சரசரங்குது. நான் வரப்புல உக்காந்து அழுதிருக்கேன், பொய்யில்லை. மம்முட்டி எடுத்துப் போயி ஷட்டர ஒடைச்சுரலாம்னு எளவட்டப் பசங்க கெளம்புனாங்க. நான்தான் தடுத்தேன். "ஒடைச்சா தண்ணிதான்டா வரும், கணக்கு வராது. கணக்குப் போச்சுன்னா ஒன்னேகாலும் போயிரும்"னு சொன்னேன். வாய மூடிக்கிட்டானுங்க.

கடைசியில சாந்தாமணியக் கூட்டிக்கிட்டு மச்சான் ஊட்டுக்குப் போனேன். கை கட்டி நின்னேன். "என்ன பண்ணோணுமுங்க மச்சான்?"

"எம் மடியில காது குத்தோணும்."

"குத்தியாச்சுங்களே."

"இன்னொரு ஓட்டை குத்து."

குத்துனோமுங்க. மறுபடி மேளம், மறுபடி சீரு, மறுபடி கெடா வெட்டு. பாப்பா போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. இப்பக் காதுக்கு ரெண்டு தோடு போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது. டீச்சர் கேட்டா, "ஊருக்குத் தண்ணி வரோணும்னு குத்துனாங்க மிஸ்"னு சொல்லுதாம். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில கூவலாறு ரெண்டரை அடி. ஷட்டர் தெறந்தாச்சு. அதுக்குள்ள நெச ஆத்துல தண்ணி வடிஞ்சு பாதியாயிருச்சு, அது வேற விசயம். வந்ததுல ஏதோ பாதி மஞ்சளத் தேத்துனோம்.

அதுக்கப்பறம் மச்சான ஒரு கொறை இல்லாமப் பார்த்துக்கிட்டனுங்க. பங்குனியில அவரு மாடி கட்டிப் புதுமனை புகுந்தாரு. நான் ஒரு பிரிட்ஜு எறக்குனேன். பெரிசு, ரெண்டு கதவு. வந்த சனமெல்லாம் அதத் தெறந்து தெறந்து பாக்குது. மச்சான் எல்லாருக்கும் முன்னால என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. மறுநாள் காலையில மனசு நெறைஞ்சுபோயி, கம்பத்துல எத்தனை அடி இருக்குதோ அதுக்கும் மேலன்னு ஆபீசுக்குச் சொல்லிப்போட்டாரு.

பங்குனி வெயிலுங்க தம்பி. சில்லாத்துல பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தாங்க. கம்ப்யூட்டரு கூவலாத்து வெள்ளத்த ஒன்னேகாலால பெருக்கிச்சு. மத்தியானத்துக்குள்ள போலீசு, தாசில்தாரு, மைக் கட்டுன வேனு. "சில்லாற்றில் அபாய வெள்ளம், பொதுமக்கள் மேடான பகுதிக்குச் செல்லவும்"னு கத்திக்கிட்டு வாராங்க. ஆத்துக்குள்ளயேதான் வேன் வருது, அங்கதான ரோடு நல்லாருக்குது.

கொம்பைப்புதூர ஏன் காலி பண்ணலைன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. அங்க கம்பம் பாக்கற ஆளு இருக்காருல்ல, போன் போட்டு அவரயே கேட்டுட்டாங்க. "இங்க கரை ஒசரம், ஒன்னும் பயமில்லைங்க"ன்னு சொல்லிப்போட்டாரு மச்சான். எங்கூர்ல கேக்கறதுக்கு யாரு இருக்கா? அளக்காத ஆறு.

ஊரோட கெளம்பி மேட்டுப் பள்ளிக்கூடத்துல ரெண்டு நாள் இருந்தோம். எலுமிச்சங்கா சோறு போட்டாங்க, தண்ணி லாரியில வந்துச்சு. நாச்சிமுத்து அண்ணன் மட்டும் எருமைய விட்டுட்டு வர மாட்டேன்னு அடம்புடிச்சாரு. ரெண்டு போலீசு தூக்கிட்டு வந்தாங்க. பெரிய வெள்ளத்துல ஒரு உசுரு கூடப் போகாமக் காப்பாத்துனதுக்குக் கலெக்டராபீசுல எனக்குச் சால்வை போட்டாங்க. ஊட்டுல கண்ணாடி போட்டு மாட்டிருக்கேன், வந்தா பாருங்க.

அதோட நின்னிருந்தாப் பரவால்லை. இத்தனை வெள்ளம் வீணாப் போவுதேன்னு மேல யோசிச்சிருக்காங்க. எங்கூருக்குக் கீழ புதுசா ஒரு மில்லு வந்திருக்குது. ஏஇ சாரு என்னையக் கூப்புட்டு, "தலைவரே, உங்க ஆத்துல உபரி நெறைய இருக்கு. மில்லுக்குக் கொஞ்சம் குடுக்கலாமா? சங்கம் சம்மதிக்கணும்"னாரு. அவரு மொகத்துல ஒரு மாதிரி, வேண்டாம்னு சொல்லுங்கன்னு கெஞ்சற மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்பப் புரியலை. புரிஞ்சிருந்தாலும் என்ன சொல்றது? எங்க ஆத்துல அத்தனை இல்லீங்கன்னு சங்கத் தலைவரு எம் வாயால சொல்லுவனா? "தாராளமாக் குடுங்க சார். எங்க ஆறு ஊருக்கெல்லாம் குடுக்கற ஆறு" ன்னேன்.

குழா போட்டாங்க. மோட்டரு வெச்சாங்க. வைகாசியில சுவிட்சப் போட்டா வெறும் காத்து. ஊய்னு ஒரு சத்தம். மில்லுக்காரங்க ஆபீசுல போயி நின்னாங்க. மச்சான் தெனம் சொல்ற கணக்குப்படி ஆத்துல தண்ணி ஓடுது. மில்லுக்கு வந்து சேரலை. நடுவுல இருக்கறது ஊஞ்சப்பாளையம். அப்பத் திருடுனது யாரு? சங்கம். சங்கம்னா யாரு? நானு.

பறக்கும் படைன்னு ஒரு குரூப்பு வந்து எங்கூட்டச் சோதனை போட்டாங்க தம்பி. கெணத்த எட்டிப் பார்த்தாங்க. மாடியில ஏறி சின்டெக்ஸ் டேங்கு மூடியத் தெறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. சாந்தாமணி சமையக்கட்டுல வெச்சிருந்த குடத்தக் கூட விடலை. "எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு அதட்டறாரு ஒருத்தரு. அவங்க சொல்ற தண்ணிய வெக்கோணும்னா எங்கூரு மாதிரி எட்டு ஊரு முழுகோணும். ஷட்டருக்குச் சீல் வெச்சுட்டுப் போயிட்டாங்க. கேஸு முடியற வரைக்கும் தெறக்கக் கூடாது.

இப்பப் பாருங்க, ஆடி பொறந்து மலையில நல்ல மழை. ஆறு போகுது, புது மஞ்சள் நட்டுக் கெடக்குது, ஷட்டர்ல அரக்கு முத்திரை. வக்கீல் ரெண்டு வழி சொன்னாரு. "திருடலைன்னு வாதாடுனா ஜெயிச்சுரலாம். பத்து வருசமாகும், அதுவரைக்கும் சீல் இருக்கும். திருடுனேன்னு ஒத்துக்கிட்டா இன்னிக்கே சீல ஒடைச்சுருவாங்க." அதுமில்லாம, திருடலைன்னு நிரூபிக்கோணும்னா ஆத்துல தண்ணியே இல்லைன்னு நிரூபிக்கோணும். தண்ணி இல்லைன்னா மச்சான் சொன்னது பொய்யின்னு ஆவும். மச்சான் ஜெயிலுக்குப் போவாரு, நான் எங்க படுக்கறது? சாந்தாமணி காலையில வேட்டிய இஸ்திரி போட்டுக் குடுத்து, "பார்த்துப் பேசுங்க"ன்னா. அவ்வளவுதான். ஊர்ச்சனம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து வழியனுப்புச்சு. நாச்சிமுத்து அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டு, "நீ திருடுனவனா இருந்தாலும் எங்களுக்காகத் திருடுனவன்டா"ன்னாரு. அவரு நெசமாலுமே நான் எடுத்துட்டேன்னு நம்பறாருங்க. வருத்தமாப் போச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு.

கூண்டுல ஏறுனேன். "அவ்வளவு தண்ணிய எடுத்து என்ன பண்ணுனீங்க?"ன்னு நீதிபதியம்மா கேட்டாங்க.

"குடிச்சுப்போட்டோமுங்க" ன்னேன்.

அப்பத்தான் சிரிச்சாங்க. சிரிச்சுட்டு உத்தரவு போட்டாங்க. அபராதம் சின்னதுதான். சீல ஒடைச்சுரலாம். ஆனா திருடுன சொத்த உரியவங்ககிட்டத் திருப்பிக் குடுக்கோணுமாம். திருடுனது மாடா இருந்தா மாடு, தண்ணியா இருந்தா தண்ணி. அதனால எங்க பங்குத் தண்ணியெல்லாம், அந்தக் கணக்கு நேராகற வரைக்கும் மில்லுக்குத்தான் போவுமாம். ஏஇ சாரு வெராண்டாவுல நின்னு போன்ல கணக்குப் போட்டுப் பார்த்தாரு. "எப்ப முடியுமுங்க சார்?" னேன். "சாதாரணமா ஓடுனா, உங்க பாப்பா கல்யாணத்துக்குள்ள முடிஞ்சுரும் தலைவரே"ன்னாரு. பாப்பாவுக்கு இப்ப ஆறு வயசுங்க.

நட்ட மஞ்சளு, எங்கூருச் சனம், எல்லாம் கண்ணு முன்னால போச்சு. இவங்களுக்கு நான் போயி என்ன பதில் சொல்லுவேன்? அப்பறம் மெதுவாக் கேட்டேன், "கூவலாறு நெறைய ஓடுச்சுன்னா சீக்கிரம் கழியுமுங்களா சார்?" ன்னு. அவரு என்னையப் பாக்காம வேற பக்கம் திரும்பிக்கிட்டு, "கணக்குப்படி கழியும்"னாரு.

அவ்வளவுதானுங்க, தெம்பு வந்துருச்சு. கணக்குல திருடுன தண்ணியக் கணக்குலயே திருப்பிக் குடுத்துரலாம்ல? அதான் நேரா கொம்பைப்புதூருக்குப் போறேன். காலுக்கடியில நெளியறது சேவலுங்க, பயப்படாதீங்க, காலக் கட்டிருக்குது. கோர்ட்டு முடிஞ்சதும் போன்ல சொன்னேன், சாந்தாமணி ஆள்கிட்டக் குடுத்துவிட்டா. மச்சான் இந்த ஆடியும் ஆவணியும் மட்டும் மனசு வெச்சாருன்னா, தெனம் கம்பம் முழுகுச்சுன்னு சொன்னாருன்னா, ஐப்பசிக்குள்ள கடன் தீந்துரும், வாய்க்கால் எங்களுக்கு. நடுவுல வெள்ளம்னு நாலு தடவை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. போறோம். எலுமிச்சங்கா சோறுதான. எங்க ஊருச் சனத்துக்கு இப்ப அது பழகிப்போச்சு.

நானே பேசிக்கிட்டு வாரேன், தம்பி எங்க போறீங்கன்னு கேக்கவே இல்லை பாருங்க. கொம்பைப்புதூருக்கேவா? யாரு ஊட்டுக்கு? ஒறம்பரை, சொந்தம்னு யாரும் இல்லீங்களா. வேலையா. என்ன வேலைங்க அந்தக் காட்டுல?

மேல வெச்சிருக்கற பொட்டி உங்களுதா. கூவலாத்துல மாட்டறதா.

ஓ. அதுவே அளந்துக்குமா. அளந்து அதுவே நேரா ஆபீசுக்கு அனுப்பிருமா. நடு ராத்திரியில ஏறுனாலும் எறங்குனாலும். நல்லதுங்க, நல்ல விசயந்தான். அதப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்ல? வேண்டாமா. அப்ப மச்சான்? இந்த மாசத்தோட நிறுத்தச் சொல்லி ஆபீசுல உத்தரவா. அவருக்குத் தெரியுமுங்களா? நீங்க போயித்தான் சொல்லோணுமா.

இருங்க தம்பி. சித்தெ தண்ணி குடிச்சுக்கறேன்.

ராத்திரிக்கு எங்க தங்கப் போறீங்க? மச்சான் ஊட்டு மாடி காலியாத்தான் இருக்குது. காத்து நல்லா வரும். சேவக்கறி சாப்புடுவீங்கல்ல? நாட்டுச் சேவலுங்க, மச்சான் சம்சாரம் மொளகு அரைச்சு வெச்சாங்கன்னா அடுத்த தெருவுக்கு வாசம் போவும். தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? அக்கா தங்கச்சி இருக்காங்களா? நாமளும் ஒரு மொறை வெச்சுக்கலாம், மச்சான்னே கூப்புடறனே, என்ன இப்ப.

உங்களால ஒன்னும் பண்ண முடியாதா. மாட்டறதோட உங்க வேலை முடிஞ்சுதா. அந்தப் பொட்டி நீங்க சொன்னாலும் கேக்காதா.

அதுக்கு மாமன் மச்சான்னு யாரும் கெடையாதுங்களா.

ஏனுங்க தம்பி, அப்ப இனிமேட்டு ஆத்துல தண்ணி ஏறோணும்னா, நெசமாலுமே மழை பேஞ்சாத்தானுங்களா?